தெறித்த துண்டு

மகளின் பல்வரிசையைச் சீராக்கப் போட்டிருந்த கம்பியின் நுனி அவள் உள்கன்னத்தைக் குத்தியது. எலக்ட்ரீஷியனான எனக்கு இதெல்லாம் ஜுஜுபி என்று, என் பிளையராலேயே அதை நறுக்கினேன். நறுக்கிய துண்டைக் காணோம்.

"முழுங்கிட்டியாடி?"

இல்லையென்று விரலை ஆட்டிவிட்டு, மூடிய வாயைத் தொட்டுக் காட்டினாள். வலிக்கிறது என்கிறாளாக்கும் என்று நினைத்தேன். கிளினிக் போகும்வரை திட்டித் தீர்த்தேன்.

"வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு? கேக்குறேன்ல, பதில் சொல்லித் தொலையேன்!"

அவள் கண்ணில் நீர் மட்டும் வழிந்தது.

பல் டாக்டர் அவளைக் குனியவைத்து, நாக்குக்கு அடியிலிருந்து கம்பித் துண்டை இடுக்கியால் எடுத்தார். "எங்க கட்டர் வெட்டின துண்டைப் பிடிச்சுக்கும் சார். உங்க பிளையர் தெறிக்கவிட்டுடும்."

மகள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"பதில் சொல்லியிருந்தா முழுங்கியிருப்பேன்பா."