எழுபத்தெட்டு கிலோ

ரத்தினவேலின் எடை எழுபத்தெட்டு கிலோ என்றுதான் வீட்டில் பேச்சு. அது நோய் வருவதற்கு முந்தைய கணக்கு. அவர் மனைவி சுபஸ்ரீ எடை மெஷினைப் பரணில் ஏற்றிவிட்டாள். அவருடைய சட்டை, பேன்ட்டை எல்லாம் அம்மா மண்டபம் ரோடு டெய்லர் ஹாலித் பாயிடம் கொடுத்து, காதும் காதும் வைத்த மாதிரி பிடித்துத் தைத்து வாங்கிவந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம், "முகம் தெளிஞ்சிருக்குன்னு சொல்லுங்க" என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டாள். அவர்களும் கூசாமல் சொன்னார்கள். இந்த மாதிரிப் பொய்யெல்லாம் நம் ஜனங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்!

மருந்து இனிமேல் கேட்காது என்று டாக்டர் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். தெரிந்தால் மனுஷன் அன்றைக்கே படுத்துவிடுவார் என்று அவளுக்குப் பயம்.

அவரோ பச்சைமலை ஏற லேசான கார்பன் சைக்கிள் வாங்கக் கிளம்பிவிட்டார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே ஞாயிறுதோறும் பழைய இரும்பு சைக்கிளில் மலை ஏறியவருக்கு, முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி நெடுநாள் ஆசை. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். சுபஸ்ரீயும் கூடவே போனாள்.

தில்லைநகரில் கடைக்காரர் பிரிட்டோ முதலில் கேட்டது இதைத்தான்: "உங்களுக்கு ஏத்தம் பிடிக்குமா, இறக்கம் பிடிக்குமா சார்? ரெண்டுக்கும் வேற வேற வண்டி."

"ஏறணும் தம்பி. இறங்க யாராலதான் முடியாது?"

"அப்ப இந்த லேசான வண்டிதான். வெயிட் சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரிதான் பின் ஷாக்ல காத்து அடிக்கணும்."

"எழுபத்தெட்டு."

சுபஸ்ரீ விலைச் சீட்டைப் படிப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். பிரிட்டோ மீட்டர் வைத்த பம்பில் காற்றடித்து, ஷாக்கில் இருந்த ரப்பர் வளையத்தைத் தள்ளிவைத்தார். "ஏறி உக்காருங்க சார். உங்க வெயிட்டுல ஷாக் அமுங்கி, வளையம் கால்வாசி தூரம் நகரணும்."

ரத்தினவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வளையம் பேருக்குத்தான் நகர்ந்தது.

"மீட்டர் தப்பா காட்டுது போல" என்று பிரிட்டோ தானே ஏறிப் பார்த்தார். வளையம் கச்சிதமாக நகர்ந்தது. "நான் எழுபத்தாறு. எனக்குச் சரியாத்தானே வருது?"

ரத்தினவேல் குனிந்து தன் உடம்பைப் பார்த்தார். மெலிந்திருக்கிறோம் என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது. சட்டையின் ஓரத்தைப் புரட்டினார். உள்ளே மடித்துத் தைத்த துணி விரலுக்குத் தடிமனாகத் தட்டுப்பட்டது.

"எவ்வளவு சுபா?"

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடையை அவளிடம்தான் சொல்வாள்.

"அம்பத்தி நாலுங்க" என்றவள், கடை என்றும் பாராமல் அழுதுவிட்டாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவர் கேட்கவில்லை. அந்த அழுகையே சொல்லிவிட்டது.

"தம்பி, அம்பத்தி நாலுக்குக் காத்தைக் குறைங்க."

மறுபடி ஏறினார். வளையம் சரியாக வந்து நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினார். "நல்ல வண்டி. ஏறுற ஆளாப் பாத்துக் குடுங்க."

பஸ் காவிரிப் பாலத்தில் போகும்போது கேட்டார். "எடை மெஷினை எங்க வச்சிருக்க?"

"பரண்லங்க."

"இறக்கிடு. இனிமே ரெண்டு பேருமா பாப்போம். நீ ஒருத்தியா எவ்வளவுதான் தூக்குவ?"