கோட்டுக்கு மேலே ஒரு மதாம்

என் முனைவர் பட்ட ஆய்வுக்கு இரண்டு வழிகாட்டிகள். பேராசிரியர் சுப்பிரமணியனுக்கு எண்கள் போதும். மனிதர்கள் வாயைத் திறந்தால் தரவு கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. பேராசிரியர் கார்குழலிக்கு மனிதர்கள் பேசினால் போதும். எண்ணுவதெல்லாம் மளிகைக்கடை வேலை. எதிரெதிர் அறையில் இருந்தும் இருவரும் பேசிக்கொள்வதில்லை. இடையில் தபால்காரன் நான், நிலவன்.

"அந்தம்மாகிட்ட சொல்லு, கதை கேக்க யூனிவர்சிட்டி எதுக்கு, ரேடியோ போதும்னு" என்பார் அவர்.

"உங்க சார்கிட்ட சொல்லு, கால்குலேட்டருக்கு யாரும் டாக்டர் பட்டம் தர்றதில்லன்னு" என்பார் இவர்.

நான் எதையும் சொல்லமாட்டேன். இருவரிடமும் "சொல்லிட்டேன்" என்பேன். கடைசியில் எண்ணும் பேச்சும் கலந்த ஆய்வு செய்வதாக ஒப்புக்கொண்டேன். முன்னுரையில் இதைப் 'புதிய அணுகுமுறை' என்று எழுதியிருக்கிறேன். பயம் என்று எழுதினால் நன்றாக இருக்காது.

கேள்வி எளிது. ஒருகாலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த ஊரில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அதே வீட்டில் தம்பி, மருமகள் என்று இந்தியக் குடியுரிமைக்காரர்கள் இருப்பார்கள். அவர்கள் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்களா? வரைபடத்தில் ஒவ்வொரு வாக்குச்சாவடியையும் ஒரு புள்ளியாக வைத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். பிரெஞ்சு பென்சன் வரும் வீடுகள் கூடக்கூட ஓட்டு குறைந்தது. பாரிசிலிருந்து பணம் வருகிற வீட்டுக்கு எம்எல்ஏ எதற்கு? கோடு வழுக்கிக்கொண்டு இறங்கியது.

ஒரே ஒரு புள்ளி மட்டும் கோட்டுக்கு மேலே வெகு உயரத்தில் முறைத்துக்கொண்டு நின்றது. ரெட்டியார்பாளையத்தில் ஒரு சாவடி. பென்சன் வீடுகளும் ஏராளம், ஓட்டும் ஏராளம்.

"அதைத் தூக்கிடு" என்றார் சுப்பிரமணியன்.

"அதை மட்டும் வச்சிக்கிட்டு மத்ததைத் தூக்கிடு" என்றார் கார்குழலி.

நான் அந்தச் சாவடி இருக்கும் தெருவுக்குப் போனேன். காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே வீட்டைக் கைகாட்டினார்கள். ஜொசியான் மதாம் கேட்டைத் திறக்காமல் கம்பி வழியாகப் பார்த்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த ஒரு சொல்தாவின் விதவை. பென்சன் அவருக்கு வருகிறது, குடியுரிமையும் பிரெஞ்சு.

"என்னா விக்கிற?"

"ஒண்ணும் விக்கல மதாம். ஆராய்ச்சி."

"அதுக்கு ஏன் என் கேட்டை ஆட்டுற? போ."

பலமுறை துரத்தினார். கடைசிமுறை நான் போனது துணிச்சலால் அல்ல, குடையை அவர் கேட்டிலேயே மாட்டிவிட்டு வந்திருந்தேன். குடையை கேட்டுக்கு மேலாக வீசினார். கூடவே பதிலும் வந்தது.

"எல்லாரும் எப்படி ஓட்டுப் போடுறாங்கன்னுதானே கேக்குற? நான் போட வைக்கிறேன். காலையில கதவு கதவாத் தட்டுவேன். தூங்குறவன் மூஞ்சில தண்ணி ஊத்துவேன்."

"உங்களுக்குத்தான் ஓட்டே இல்லையே?"

"இல்லடா! சாக்கடை ரொம்பி வழிஞ்சா பிரெஞ்சு வீடு, இந்திய வீடுன்னு பாத்தா வருது? ஓட்டில்லாதவ கத்துனா எவன் கேப்பான்? தெருவே போட்டாத்தான் பயப்படுவான். ஓட்டு வச்சிருக்கறவன் தூங்குனா எனக்கு வவுறு எரியுது."

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. சமோசா ஆய்வாளன் செலவு என்பது எழுதாத விதி. வரமாட்டார் என்ற தைரியத்தில் மதாமுக்கும் அழைப்பு அனுப்பியிருந்தேன். கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் திரையில் அந்தப் புள்ளியைக் காட்டினார். "ஒரு கிழவி கதவைத் தட்டுறதெல்லாம் ஒரு காரணமா? இந்தச் சாவடியை எடுத்துடுங்க. இன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

சுப்பிரமணியன் தலையாட்டினார்.

"எடுக்கணும்னா கோட்டை எடுங்க" என்றார் கார்குழலி.

"இது காலட்சேபம் இல்ல மேடம்" என்றார் சுப்பிரமணியன்.

"பஞ்சாங்கமும் இல்ல சார்."

வெகுகாலத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். என் ஆய்வு அதையாவது சாதித்தது.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. "எவ கிழவி? அந்தக் கறுப்புப் பொட்டுதான் நானா?"

"உங்க சாவடி மதாம்."

"அதை எடுத்துட்டா உனக்குப் பட்டமா?"

"ஆமா மதாம்."

"எடுத்துப் போடேன். எனக்கென்னா? ஓட்டு லிஸ்டுலயும் இல்ல, உன் படத்துலயும் இல்லாம போறேன்."

கோபமாகத்தான் சொன்னார். நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குக்கூட இடம் தரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். உன் ஓட்டு எங்க இருக்கு?"

"விழுப்புரத்துல."

"எப்பப் போட்ட?"

"தேர்தல் அன்னைக்குக் களப்பணி இருக்கும் மதாம்..."

"இதுவரைக்கும் போட்டதே இல்ல?"

அறை என்னைப் பார்த்தது. ஓட்டுப் போடாதவர்களைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியவன், முந்நூற்றோராவது பக்கமாக நின்றேன்.

"சார், அந்தப் புள்ளி இருக்கட்டும்" என்றேன் தேர்வாளரிடம். "பென்சன் வர்றதால மத்த தெருவெல்லாம் தூங்குதுன்னு எழுதிட்டேன். எழுப்ப ஆள் இல்லாததாலகூட இருக்கலாம். அங்கெல்லாம் நான் எண்ணுனேன், கேக்கவே இல்ல."

"அப்ப ஆய்வு முடியலன்னு நீங்களே சொல்றீங்க."

"முடியல சார்."

அவர் பேனாவை மூடினார். மறுபடி களப்பணி, மறுபடி தேர்வு. வெளியே வரும்போது "முட்டாள்" என்று இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன. வழிகாட்டிகள் இருவரும் முதன்முறையாக ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

மதாம் சமோசாத் தட்டருகே நின்றார். "என்னா சொன்னான்?"

"பட்டம் இல்ல. இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

"நல்லா வேணும்." ஒரு சமோசாவைக் கடித்து முகம் சுளித்தார். "எண்ணெய் சரியில்ல. எங்க வீட்டு மாடி காலியாக் கெடக்கு. வந்து தங்கி மத்த தெருவுல போய்க் கேளு. வாடகை குறைக்க மாட்டேன். ஓட்டை எங்க தெருவுக்கு மாத்திக்கோ."

"சரி மதாம்."

"எலெக்ஷன் அன்னைக்கு மொதல்ல உன் கதவுதான். தண்ணிச் சொம்போட வருவேன்."