நூறு கிராம் ஸ்பிரிங்

இடுப்பில் யாரோ கடப்பாரையைச் சொருகிவிட்டு எடுக்க மறந்து போனது மாதிரி வலித்தது. காலையிலிருந்து இரண்டு லாரி சிமெண்டு, இருநூற்று நாற்பது மூட்டை. ஜாக்கி வீட்டுக்குள் வந்து, சட்டையைக் கழற்றி, சுவரைப் பிடித்தபடி மெல்ல நாற்காலியில் இறங்கினான். துண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூடக் குனிய முடியாது என்று மனைவியிடம் சொன்னான். சொல்லி ஐந்து நிமிடம் ஆகவில்லை, மேசைமேல் வில்லாக வளைந்து, மூக்கு தொடுகிற தூரத்தில் ஒரு கீபோர்டு ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டு, அதன் வயிற்றுக்குள் தூரிகையால் கிரீஸ் தடவ ஆரம்பித்துவிட்டான்.

"துண்டை எடுக்க வராத இடுப்பு இதுக்கு மட்டும் வளையுதாக்கும்?"

"அது வேற குனியறது, இது வேற குனியறது."

"இருக்கும் இருக்கும்" என்று துண்டை எடுத்து அவன் தலையில் போட்டுவிட்டுப் போனாள். அவள் சலவைக் கடையில் பன்னிரண்டு வருடமாக இஸ்திரிப் பெட்டி பிடிக்கிறவள். ஏழு கிலோப் பெட்டி. வாயும் அதே எடை.

லாரிச் சக்கரம் பள்ளத்தில் மாட்டிக்கொண்டால், டிரைவர் ஜாக்கியைத் தேடி எடுப்பதற்குள் இவனே முதுகைக் கொடுத்து வண்டியை எழுப்பிவிடுவான். அப்படி வந்த பெயர். பதினெட்டு வருடமாக மூட்டை விழுகிற 'தொப்'பென்ற சத்தத்தையே கேட்ட காதில், ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில், போனில் யாரோ கீபோர்டு தட்டுகிற சத்தம் விழுந்தது. டொக், டொக், டொக். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். பலகை தனியாக, ஸ்விட்ச் தனியாக, எழுத்து மூடி தனியாக வரவழைத்து, தன் கையாலேயே கோத்து இதுவரை மூன்று கீபோர்டு செய்திருந்தான்.

அந்த மூன்றையும் மாட்டிப் பார்த்த கம்ப்யூட்டரோ, பொத்தானை அமுக்கிவிட்டுக் குளித்துவிட்டு வந்தால்தான் கண் திறக்கும். அதற்கும் திட்டம் இல்லாமல் இல்லை. சுமைச் சீட்டுகளின் பின்பக்கம் முழுக்கத் திட்டம்தான். முதலில் கிராபிக்ஸ் கார்டு. அதைப் போட்டால் பவர் சப்ளை தாங்காது, ஆகவே அது. பெரிய பவர் சப்ளை பழைய பெட்டிக்குள் நுழையாது, ஆகவே பெட்டி. பெரிய பெட்டி மேசையில் நிற்காது, ஆகவே மேசை. ஒரு சீட்டின் கடைசி வரியில் 'வேறு வீடு' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தான். மூன்று வருடத்தில் வாங்கியது ஒரு சின்ன மின்விசிறி. அதுவும் இப்போது மனைவியின் தலைமாட்டில் ஓடுகிறது.

இந்த நாலாவது கீபோர்டு மட்டும் பொழுதுபோக்கு இல்லை. இது மச்சினிக்கு.

மச்சினியைக் குருவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர்கள் வீட்டிலேயே, மேசைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் படுத்துக்கொண்டு, குடிநீர் அலுவலகத்தில் கையால் ரசீது எழுதும் தற்காலிக வேலைக்குப் போய் வந்தாள். ரசீதை இனி இயந்திரமே போடும் என்று அறிவித்துவிட்டார்கள். மாதக் கடைசியோடு சீட்டுக் கிழியும். ஆனால் தட்டச்சர் இடம் ஒன்று காலி, நிரந்தர வேலை. பத்து நிமிடத்தில் நானூறு வார்த்தை அடிக்க வேண்டும். சொந்தக் கீபோர்டு கொண்டுவரலாம் என்றும் அறிவிப்பில் இருந்தது.

அந்தக் கடைசி வரியைப் படித்த ஜாக்கிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "நீ வாய மூடிட்டு விரலை மட்டும் தயாரா வச்சுக்கோ. மத்ததை மாமா பாத்துக்கறேன்."

வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் கீபோர்டை அவன் எப்போதோ ஸ்குரூவுக்காகப் பிரித்துவிட்டான். செய்த மூன்றையும் வேண்டியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. குருவிக்கு வேறு வழியில்லை.

ஸ்விட்சுக்குள் இருக்கிற ஸ்பிரிங்தான் உயிர் என்று அவன் சேர்ந்திருந்த கீபோர்டுக் குழுவில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எந்த ஸ்பிரிங் என்று பிறரைக் கேட்காதே, உன் விரலைக் கேள் என்பார்கள். ஜாக்கி கேட்டான். மாதிரிக்கு வந்த ஸ்விட்சுகளை வரிசையாக வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினான். நாற்பத்தைந்து கிராம் அழுத்தத்துக்கு இறங்குகிற ஸ்பிரிங்: ஒன்றும் தெரியவில்லை. அறுபது: காற்று. எண்பது: காற்றுக்குக் கொஞ்சம் மேலே. நூறு கிராமை அழுத்தினதும் முகம் மலர்ந்தது.

"இதுல ஆள் இருக்கான்" என்றான்.

பதினெட்டு வருடம் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்த கட்டைவிரல் அது. அடுப்பிலிருந்து சட்டியைத் துணியில்லாமல் இறக்கும். அதைப் போய் சாட்சிக்குக் கூப்பிட்டோமே என்று அப்போது அவனுக்குத் தோன்றவில்லை. கீபோர்டின் எண்பத்தேழு சாவிக்கும் எண்பத்தேழு நூறு கிராம் ஸ்பிரிங் வரவழைத்துவிட்டான்.

கனமாக இருந்தால்தான் கீபோர்டு மேசையில் நகராது, சத்தமும் நன்றாக விழும் என்று குழுவில் படித்திருந்தான். ஆகவே லேத் பட்டறை நண்பனிடம் போய் அடிப்பாகத்துக்கு ஒரு பித்தளைப் பாளம் கடைந்து வாங்கினான்.

"டேய், இதோட மொத்தம் ஒன்பது கிலோ தேறும்டா. பொம்பளைப் புள்ள எப்படித் தூக்கும்?" என்றான் லேத்காரன்.

ஜாக்கி அதைக் கிடங்குக்குக் கொண்டுபோய் மூட்டைத் தராசில் வைத்தான். பத்துக் கிலோவுக்குக் கீழே அந்தத் தராசின் முள் அசையாது. அசையவில்லை.

"பாத்தியா? எடையே இல்ல" என்றான் திரும்பி வந்து.

முதல் நாள் குருவி உட்கார்ந்து ஒரு சாவியை அழுத்தினாள்.

"மாமா, இது இறங்க மாட்டேங்குது."

"அழுத்து."

"அழுத்திட்டுத்தான் இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம்."

"ரெண்டு கையாலயா?"

"தள்ளு, நான் பாக்கறேன்" என்று மனைவி வந்து ஒரு விரலால் தட்டினாள். "வெண்ணெய் மாதிரி இறங்குது. உனக்கு ஒடம்பு வளையாது, அதைச் சொல்லு."

இரண்டுக்கு ஒன்று. தீர்ப்பு ஆகிவிட்டது. குருவி அடிக்க ஆரம்பித்தாள். முதல் வாரம் நிமிடத்துக்கு ஒன்பது வார்த்தை. இரண்டாம் வாரம் விரல் வீங்கி, தலை பின்ன முடியாமல் அக்காவிடம் தலையை நீட்டினாள். வார்த்தை பத்தொன்பது. மூன்றாம் வாரம் முப்பத்தொன்று. அந்த வாரத்தில்தான் பக்கத்து வீட்டு அழைப்பு மணியை அழுத்தினாள், பொத்தான் உள்ளே போனது போனதுதான், திரும்பி வரவில்லை. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஜாக்கி தன் கீபோர்டைப் படம் எடுத்து, விவரம் எழுதி, குழுவில் பெருமையாகப் போட்டான். ஒருவர்கூட அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை. முதல் பதில், 'நூறு கிராமா? யாருக்கு, யானைக்கா?' இரண்டாவது பதில், 'தட்டச்சு அடிக்கிறவருக்கு நாற்பத்தைந்தே போதும். அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள்?' மூன்றாவதாக ஒருவர் வெறும் யானைப் படம் போட்டிருந்தார்.

ஜாக்கி தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தான். ஊசி வளைந்தது.

புது ஸ்பிரிங் வரப் பத்து நாள் ஆகும். ஒன்றை எடுத்து இரண்டு சுருளை வெட்டிப் போட்டுப் பார்த்தான். சாவி உள்ளே இறங்கி அங்கேயே குடியேறிவிட்டது. வேறு வழி தெரியாமல் அந்த ஒன்றுக்கு மட்டும் மாதிரிக்கு வந்த நூறு கிராம் ஸ்பிரிங்கைப் போட்டு மூடிவிட்டு, குருவி முன்னால் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"குருவி, ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு."

"எவ்வளவு சின்னது?"

"நூறு கிராம்."

முழுக்கக் கேட்டாள். வீங்கின பத்து விரலையும் அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "மூணு வாரமா நான் கையாலாகாதவள்னு அழுதுட்டுப் படுத்திருக்கேன் மாமா. இப்ப வந்து சொல்றீங்க!"

"ஒரு சாதா கீபோர்டு வாங்கிட்டு வந்துடறேன்."

"ஒண்ணும் வேணாம். மூணு நாள்ல புதுசுக்குக் கை எங்க பழகும்? இந்தச் சனியனுக்குத்தான் பழகியிருக்கு. இதையே தூக்கிட்டு வாங்க. வேலை கிடைக்கலன்னா இதை உங்க நெஞ்சு மேல வச்சுட்டுத்தான் வீட்டை விட்டுப் போவேன்."

"வச்சாலும் அவருக்குத் தெரியாது" என்றாள் மனைவி.

தேர்வன்று ஜாக்கி அரை நாள் விடுப்புப் போட்டு, கீபோர்டைச் சிமெண்டுச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினான். அலுவலகம் மூன்றாவது மாடியில். வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"மூட்டையில என்ன?"

"கீபோர்டு."

"எத்தனை?"

"ஒண்ணு."

காவலாளி சாக்கைத் தொட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு, கையை உதறிக்கொண்டு வழிவிட்டார்.

கூடத்தில் சுவரோரம் கம்ப்யூட்டர்கள், அவற்றின் முன்னால் கீபோர்டுக்கென்று பன்னிரண்டு மடக்கு மேசைகள், பன்னிரண்டு பேர். தேர்வு நடத்தும் அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றார். ஜாக்கி குருவியின் மேசையில் கீபோர்டைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல இறக்கினான். மேசை சற்று நேரம் யோசித்தது. பிறகு முன்னங்கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு முழங்காலிட்டது. கீபோர்டு வழுக்கிப் போய், அந்த அம்மாவின் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, இடி விழுந்த மாதிரி விழுந்தது. வயர் சொருகும் இடம் உடைந்து தனியாக உருண்டது.

குருவி அவனைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. வெறுமனே பார்த்தாள். மூன்று வார வீக்கம், மாதக் கடைசி, மேசைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன.

"அம்மா, ஈயம் பத்த வைக்கிற சால்டரிங் கம்பி இருந்தா அஞ்சே நிமிஷத்துல..." என்றான்.

"நீங்க வெளிய போங்க. சாக்கையும் எடுத்துட்டுப் போங்க" என்றார் அந்த அம்மா. வேறு மேசை ஒன்றை இழுத்து, அலுவலகக் கீபோர்டு ஒன்றைக் குருவி முன்னால் வைத்தார். அப்பளம் மாதிரி லேசான, நிறம் மங்கின பிளாஸ்டிக்.

ஜாக்கி கீபோர்டைப் பொறுக்கிச் சாக்கில் போட்டு, கதவுக்கு வெளியே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். மணி அடித்தது. முதலில் பன்னிரண்டு பேர் சத்தமும் கலந்து கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு சத்தம் மட்டும் பிரிந்து மேலே வந்தது. தகரக் கூரையில் ஜல்லி கொட்டுகிற சத்தம். நூறு கிராம் ஸ்பிரிங்கோடு மூன்று வாரம் மல்லுக்கட்டி உரம் ஏறின விரலுக்கு அந்தக் கீபோர்டு இருப்பதே தெரியவில்லை. நினைப்பதற்கு முன்னாலேயே சாவி இறங்கியது. மற்றவர்கள் அடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பது கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது.

எட்டாவது நிமிடத்தில் 'டங்' என்றது. ஸ்பேஸ் பார் கழன்று பறந்து, அந்த அம்மாவின் பதிவேட்டில் போய் உட்கார்ந்தது. குருவி நிறுத்தவில்லை. அடியில் துருத்திக்கொண்டிருந்த முளையைக் கட்டைவிரலால் குத்திக் குத்தி இடைவெளி விட்டாள். ஒன்பதாவது நிமிடத்தில் இன்னும் இரண்டு சாவி பறந்தன. ஒன்று அந்த அம்மாவின் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. மணி அடித்தபோது கீபோர்டு நடுவில் பிளந்திருந்தது. ஐந்நூற்று இருபத்துமூன்று வார்த்தை, ஏழு பிழை.

அந்த அம்மா உடைந்ததை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். "இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

"மச்சினிங்க."

"என்ன போட்டு வளர்க்கறீங்க?"

ஜாக்கிக்கு முகமெல்லாம் பல். சாக்கைத் தட்டிக்காட்டினான். அந்த அம்மா ஓரடி பின்வாங்கினார்.

ஒரு வாரத்தில் நியமன உத்தரவு வந்தது. குருவி சத்தமாகப் படித்தாள். முதல் பத்தியில் வேலை. அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டாவது பத்தியைப் படிக்கும்போது குருவியின் குரல் இறங்கியது. மேசையை அலுவலகமே சரிசெய்துகொள்ளும். ஆனால் தேர்வில் உடைக்கப்பட்ட கீபோர்டுக்கு ஈடாக முப்பது நாளில் ஒரு கீபோர்டு தரப்பட வேண்டும். அடுத்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுத்திருந்தார்கள்: மேற்படிக் கீபோர்டு கடையில் வாங்கியதாக இருக்க வேண்டும், உறவினர் எவராலும் செய்யப்பட்டதாக இருக்கக் கூடாது.

"இது யாரைச் சொல்றாங்க?" என்றான் ஜாக்கி.

"உங்களைத்தான் மாமா. ஊர்ல வேற யாரு செய்வா?"

உடைத்தது அவள் விரலாக இருந்தாலும், விரலை அப்படி ஆக்கினது தான்தானே என்று கடனை அவன் தன் தலையில் ஏற்றுக்கொண்டான். அதில் மறுபேச்சு இல்லை. அந்தச் சிவப்புக் கோடுதான் நெஞ்சில் தைத்தது. இருந்தாலும் கடைக்குப் போனான். வரிசையாக வைத்திருந்த கீபோர்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தினான்.

"என்ன சார், பிடிச்சிருக்கா?" என்றான் கடைக்காரன்.

"ஒண்ணுலயும் ஆள் இல்லையேப்பா."

வெறுங்கையோடு வந்தான். அடுத்த வாரம் போனான், மறுபடி வெறுங்கை. முப்பது நாள் போய் ஐம்பது ஆயிற்று. குருவி தெருக்கோடியில் ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அலுவலகத்தில் பக்கத்துப் பிரிவின் கீபோர்டை இரவல் வாங்கி, முட்டைமேல் நடக்கிற மாதிரி விரலை வைத்து அடிக்கிறாள். அந்தப் பிரிவுக்காரர் தினமும் வந்து சாவிகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிறார். அவள் தினமும் சாயங்காலம் போன் செய்து, "வாங்கிட்டீங்களா?" என்கிறாள்.

"பாத்துட்டிருக்கேன்" என்கிறான், மேசைமேல் குனிந்து ஒரு ஸ்விட்சுக்குக் கிரீஸ் தடவியபடி.

குடிநீர் அலுவலகத்துக்கு ஜாக்கி தர வேண்டியது இன்னும் அப்படியே நிற்கிறது: கடையில் வாங்கின கீபோர்டு, ஒன்று.