ஆறரை மணி வரைக்கும்

அப்பாசாமி வாயில் வைத்த கஞ்சியைத் துப்பிவிட்டு, "கோல்ல யாரு நிக்கிறா?" என்று கேட்டார்.

கோகிலா முந்தானையால் அப்பாவின் மோவாயைத் துடைத்தாள். மூன்று நாளாக ஒரு வாய்த் தண்ணீர் இறங்கவே பெரும்பாடாக இருக்கிறது. வயிறு பானையாக வீங்கிக் கிடக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அவருடைய கவலையெல்லாம் காஜா பெராங் கால்பந்து டீமின் கோல் கம்பத்தைப் பற்றித்தான்.

"புதுப் பையன்பா. நல்லையான்னு பேரு," என்றான் அவள் தம்பி ஜெயபாலன். ஜெர்சியைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். போவதா இருப்பதா என்று அவனுக்கே தெரியவில்லை. "நல்ல உயரம்பா."

"தென்னமரமும்தான் உயரம்."

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தெருவில் கட்டிய கொடிகளை இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை. அந்த வருஷம் அப்பாசாமியை அரித்தது ஈரல் பாதி, டீமின் பின்வரிசை பாதி. கீப்பர் சுப்பையனை அவன் அப்பா, வெள்ளைக்காரன் போன பிறகு இங்கே என்ன ஆகுமோ என்று பயந்து, குடும்பத்தோடு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டார். வலது பேக் ஷரீஃபுதீன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போனான். நடுவில் நின்ற தியாகு போலீசில் சேர்ந்து ஈப்போவுக்கு மாற்றலானான். மிச்சம் இருந்தது இடது பேக் ஜெயபாலன் ஒருவன்தான்.

முனிசிபலில் குழாய் வேலை பார்த்த அப்பாசாமி இருபது வருஷமாக ஸ்பானர் பையோடு நேராகப் பாடாங் மைதானத்துக்குப் போய், தங்கள் கோலுக்குப் பின்னால் நின்று ஆட்டம் பார்த்தவர். "கோல் போடறதைப் பாக்க ஆயிரம் பேரு வர்றான். தடுக்கறதைப் பாக்க நான் ஒருத்தன் போதும்," என்பார். கோகிலா ஒரு நாளும் பாடாங்கை மிதித்ததில்லை. ஆனால் சுப்பையன் தாழ்வாக வரும் பந்துக்குத் தடுமாறுவான் என்பதும், ஷரீஃபுதீன் திரும்ப நேரம் எடுப்பான் என்பதும், தியாகு இருந்தால் அதெல்லாம் வெளியே தெரியாது என்பதும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

இன்று தோற்றால் டீம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். ஆட்டம் ஐந்து மணிக்கு.

"இன்னிக்கி ஒரு நாளு அவன் வீட்ல இருக்கட்டுமே," என்றாள் அம்மா பொன்னம்மா, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு. "பால் ஊத்த மவன் பக்கத்துல வேணாமா?" சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோகிலா ஊத்துவா. அவ ஊத்துனா எறங்காதா?" அப்பாசாமி மகன் பக்கம் திரும்பினார். "பாலா, நீ போ. மழை பேஞ்ச தரை. பந்து துள்ளாது, வழுக்கிட்டு வரும். காலை நீட்டாத, ஒடம்பை வை. அந்தத் தென்னமரம் வெளிய ஓடி வந்தான்னா நீ கோட்டுல போய் நில்லு."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஏழெட்டு மூச்சு வேண்டியிருந்தது. ஜெயபாலன் அவர் காலைத் தொட்டுவிட்டு எழுந்தான். அம்மா வழியை மறிக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவன்தான் ஒதுங்கிப் போனான்.

சைக்கிள் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அப்பாசாமி கையசைத்து இருவரையும் கிட்டே கூப்பிட்டார்.

"நான் முந்திக்கிட்டா, ஆறரை மணி வரைக்கும் இந்த வீட்லேருந்து ஒரு சத்தம் வரக்கூடாது. நீங்க அழுதா எவனாவது சைக்கிள எடுத்துக்கிட்டுப் பாடாங்குக்குப் போவான். பாலன் ஆட்டத்த விட்டு எறங்கிடுவான். எறங்குனா வேற ஆள உள்ள விட மாட்டாங்க. அப்புறம் பின்னால யாரு இருக்கா?"

"யாரும் இல்லப்பா," என்றாள் கோகிலா.

"பொன்னம்மா?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொன்னம்மா, சொல்லு."

"சரிங்க."

ஐந்து இருபதுக்கு மூச்சு மேலே மேலே ஏறியது. கோகிலா பாலை ஊற்றினாள். முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவது கடைவாய் வழியே தலையணையில் வழிந்தது.

அம்மா வாயைத் திறந்தாள். அந்தத் தெருவில் சாவு என்றால் முதலில் கேட்பது பெண்ணின் குரல்தான். அதைக் கேட்டுத்தான் ஆம்பிளைகள் சட்டையை மாட்டுவார்கள், பெஞ்சு வரும், பந்தல் வரும். கோகிலா கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு தரையில் சரிந்தாள். பெற்றவர்கள் போனபோது ஊரைக் கூட்டி அழுதவள், தாலி கட்டியவன் தலைமாட்டில் ஊமையாக உட்கார்ந்திருந்தாள்.

கோகிலா துணியைக் கிழித்து அப்பாவுக்குத் தாடைக்கட்டு கட்டினாள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

அவளுக்கு அப்பாவின் மேல் ஆத்திரமாக வந்தது. சாகும்போது பெண்டாட்டியிடம் சொல்ல வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா இந்த மனிதருக்கு? அந்த ஆத்திரம் சுப்பையன் மேல் பாய்ந்தது, ஷரீஃபுதீன் மேல் பாய்ந்தது, தியாகு மேல் பாய்ந்தது. மூன்று பேரில் ஒருத்தன் இருந்திருந்தால்கூடத் தம்பி இந்நேரம் இங்கே இருந்திருப்பான். ஆனால் அவனவனுக்கு அவனவன் பிழைப்பு. கப்பல் ஏறுகிறவனுக்குக் கோல் கம்பமா ஞாபகம் வரும்? இப்போது இடைவேளையாக இருக்கும் என்று நினைத்தாள். நல்லையா கோல் கோட்டை விட்டு ஓடி வராமல் இருக்க வேண்டுமே என்றும் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அடுத்த வீட்டுச் சுல்தானா பார்லித் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தாடைக்கட்டைப் பார்த்தாள். அம்மாவின் வாயிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"எப்ப?"

"அரை மணி ஆச்சுக்கா."

"ஏன்மா ஒரு சத்தமும் இல்ல?"

"தம்பி ஆடிக்கிட்டிருக்கான்."

சுல்தானாவின் வீட்டுக்காரரும் ஆட்டம் பார்க்கத்தான் போயிருந்தார். மங்குக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தாள். அவள் உதடு மட்டும் எதையோ ஓதிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் அப்பாசாமியை விசாரித்தபோது, "அண்ணன் தூங்குறாரு," என்றாள்.

ஆறரை அடித்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கோகிலா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவன் வரட்டும்மா. தெருவுல வச்சு அவன் காதுல விழ வேணாம்."

பாடாங்கிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஆறே முக்காலுக்கு ஆட்டம் பார்க்கப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒருவரும் பேசிக்கொண்டு வரவில்லை. சுல்தானாவின் வீட்டுக்காரர் இந்தப் பக்கம் பாராமலே தன் வீட்டுக்குள் போனார். தம்பி வரவில்லை. ஏழு ஆகப்போகிறது, வெளிச்சம் மங்கிவிட்டது. கோகிலா எழுந்து தெருவுக்கு வந்தாள்.

சாத்திய கடை ஒன்றின் நிழலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

"ஏன்டா இங்க நிக்கிற?"

"ஏழு கோல்க்கா," என்றான். "நான் ஒருத்தன் எத்தன பேரத் தடுக்கிறது? அப்பாகிட்ட எப்படிப் போய்ச் சொல்றது?"

"வா."

"முழிச்சிருக்காரா?"

அவள் சைக்கிளை வாங்கிக் கடைச் சுவரில் சாய்த்தாள்.

"தூங்குனா எழுப்ப வேணாம்க்கா. காலையில நானே சொல்லிக்கிறேன்."

அவள் அவன் கையைப் பிடித்துச் சிறு பிள்ளையைப் போலக் கூட்டி வந்தாள். சுல்தானா எழுந்து வழிவிட்டாள். அவன் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றக் குனிந்தான். கயிறு சேற்றில் ஊறி முடிச்சு இறுகியிருந்தது. கோகிலா கீழே உட்கார்ந்து அவன் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நகத்தால் முடிச்சை நெம்பினாள்.

"விடுக்கா, நான் கழட்டிக்கிறேன்."

அவள் தலை நிமிரவில்லை. அவன் அவளைப் பார்த்தான். முக்காட்டுக்குள் இருந்த சுல்தானாவின் முகத்தைப் பார்த்தான். விளக்கு ஏற்றாத வீட்டுக்குள் பார்த்தான். உள்ளே அம்மா இன்னும் அழவில்லை.

ஒரு பூட்ஸ் கழன்றது. அவன் மற்றக் காலை நீட்டினான்.