நின்னதும் நிறுத்தினதும்

சாக்ஸ் ஆலையை விட்டு டெல்மர் வெளியே வந்த கதையை ரொவீனா எத்தனை தடவை கேட்டிருப்பாளோ, கணக்கே இல்லை. மளிகைக் கடை வரிசையில் கேட்டிருக்கிறாள், பெட்ரோல் பங்கில் கேட்டிருக்கிறாள், சர்ச் விருந்தில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். பொண்டாட்டி ஆச்சே, எங்கே ஓடுவாள்?

கதை இதுதான். ஆலை அமெரிக்காவை விட்டு ஹோண்டுராஸ் நாட்டுக்குப் போவது முடிவாகி, கடைசி வாரம் நடந்துகொண்டிருந்தது. தலைமை ஆபீஸிலிருந்து டை கட்டிய ஒருத்தன் வந்து, பின்னல் மெஷின்களைக் கழற்றி மரப்பெட்டியில் அடைக்கச் சொன்னான். எந்த மெஷின் எப்போது மக்கர் பண்ணும், எப்படிச் சரிக்கட்ட வேண்டும் என்று எழுதி ஒட்டவும் சொன்னான். மீசை முளைத்த நாளிலிருந்து அந்த மெஷின்களோடு கிடந்தவன் டெல்மர். பெட்டியைப் பார்த்தான், டைக்காரனைப் பார்த்தான்.

"நான் வளத்த பிள்ளைங்கள நானே பெட்டியில வச்சு ஆணியடிக்கணுமா? அதுக்கு வேற ஆளப் பாரு. நான் நின்னுக்கிறேன்" என்றான். கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டான். "இதையும் சேத்து அனுப்பு. அங்க இருக்கிறவனுக்காவது உதவட்டும்."

சொல்லிவிட்டு நடந்து வந்துவிட்டான். சாக்ஸை ஜோடி சேர்க்கிற மேஜையிலிருந்த பெண்கள் எழுந்து நின்றார்களாம். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் எழுந்து நின்றவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், டைக்காரன் முகம் இன்னும் கொஞ்சம் வெளுத்தது. போகட்டும், ஊரே வாயை மூடிக்கொண்டு மெஷினைக் கட்டிக் கொடுத்தபோது, முடியாது என்று ஒருத்தனாவது சொன்னானே என்று எல்லாருக்கும் ஒரு சந்தோஷம்.

அந்த வெள்ளிக்கிழமை ஆலையை மூடினார்கள். வெளிநாட்டுச் சரக்கால் வேலை போனவர்களுக்கு அரசாங்கம் ஒரு உதவி வைத்திருக்கிறது. வேறு தொழில் படிக்கலாம், படித்து முடிகிற வரை வாரப்படி உண்டு, மருத்துவக் காப்பீட்டில் பெரும்பங்கை அவர்களே கட்டுவார்கள். டெல்மரும் ஏசி மெக்கானிக் படிக்க எழுதிப் போட்டான். அவனைத் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. கம்பெனி நிறுத்தியிருந்தால்தான் உதவியாம், தானாக நின்றவனுக்குக் கிடையாதாம். மெஷினை ஏற்றி அனுப்பியவனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, ஏற்ற மாட்டேன் என்றவனுக்குத்தான் சட்டம் பேசினார்கள்.

"போனாப் போகுது, பிச்சக்காசு" என்றான் டெல்மர். ஐம்பத்து நாலு வயதுக்காரனை யார் வேலைக்கு வைப்பார்கள்? பள்ளிக்கூடக் கேன்டீனில் ரொவீனா பரிமாறிச் சம்பாதித்ததில்தான் வீடு ஓடியது.

ஒரு மாதக் கடைசியில் ஃப்ரிட்ஜைத் துடைக்கும்போது, காப்பீடு இல்லாமல் முழு விலை கொடுத்து வாங்கிய அவனுடைய இன்சுலின், தீர்ந்திருக்க வேண்டியது, பாதி மிஞ்சியிருப்பதைப் பார்த்தாள்.

"என்ன டெல்மர் இது?"

"பாதி போட்டாலே கேக்குது."

"காலு மரத்துப்போகுதுன்னு சொன்னியே, அது கேக்குறதா?"

அவன் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினான். அன்றைக்கே ரொவீனா காரை எடுத்துக்கொண்டு, ஆலையில் சூப்பர்வைசராக இருந்த ஹாய்ட் வீட்டுக்குப் போனாள். ஹாய்ட் நல்ல மனுஷன். அவள் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தலையை ஆட்டிவிட்டார். "மேல்முறையீடு பண்ணச் சொல்லும்மா. வேலை தீந்துபோச்சு, வீட்டுக்குப் போன்னு நான்தான் அனுப்பினேன்னு சொல்லிடறேன். டைக்காரன் வேற கம்பெனிக்கு ஓடிட்டான், மறுத்துப் பேச ஆளில்ல. ஆனா டெல்மரும் தன் வாயால அதையே சொல்லணும்."

அங்கேதான் சிக்கல். டெல்மர் ஒரே பிடியாக நின்றான். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டானுங்க. எனக்குன்னு இருக்கிறது அந்த ஒண்ணுதான். அதையும் பொய்யாக்கணுமா?"

"நீ போனப்புறம் உன் கதைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? ஒத்தையா உக்காந்து எனக்கு நானே சொல்லிக்கவா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. டெல்மர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மேல்முறையீட்டுப் பேப்பரைக் கேட்டான்.

விசாரணை ஃபோனிலேயே நடந்தது. அடுக்களை மேஜையில் ஸ்பீக்கரைப் போட்டு, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டெல்மர் சர்ச்சுக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தான். விசாரிக்கிற அம்மாவின் குரல் கனிவாகத்தான் இருந்தது. உண்மையே பேசுவதாகச் சத்தியம் பண்ணச் சொன்னபோது, ஃபோனில் யாருக்கும் தெரியாது என்றாலும் அவன் வலது கையைத் தூக்கினான். ஹாய்ட் அவருடைய வீட்டிலிருந்து பேசினார், சொன்னபடியே சொன்னார்.

"இப்ப நீங்க சொல்லுங்க சார். நீங்களா நின்னீங்களா, இல்ல அவங்க நிறுத்தினாங்களா?"

டெல்மர் வாயைத் திறந்தான், மூடினான். அந்த அம்மா, "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள். ரொவீனா மேஜைக்கு அடியில் அவன் கையைப் பிடித்தாள்.

"நிறுத்திட்டாங்க" என்றான்.

"கொஞ்சம் சத்தமா."

"நிறுத்திட்டாங்கம்மா."

உதவி வந்தது. காப்பீடு வந்தது, மருந்தை முழுசாகப் போட்டுக்கொண்டான். காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, பிள்ளை வயதுப் பையன்களோடு ஏசி படிக்கப் போனான். ரொவீனா கடவுளுக்கு நன்றி சொன்னாள். வாய் நிறையச் சொல்ல வரவில்லை, ஆனாலும் சொன்னாள்.

கோடையில் கூடாரம் போட்டு சர்ச் விருந்து. ஜோடி மேஜையில் வேலை பார்த்த வெல்டா, புதிதாக வந்த மருமகனை இழுத்துக்கொண்டு வந்தாள். "டெல்மர், அந்த ஸ்பேனர் கதைய இவனுக்குச் சொல்லேன். நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறான்."

டெல்மர் கோழியின் தோலை உரித்து ஓரமாக வைத்தான். "கதையெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. வேலை இல்லன்னு நிறுத்திட்டாங்க. எல்லாரையும் போலத்தான்."

"அட, நாங்க எந்திரிச்சு நின்னோமே" என்றாள் வெல்டா.

"வேற யாருக்காவது நின்னிருப்பீங்க, வெல்டா."

வெல்டா ஒன்றும் புரியாமல் ரொவீனாவைப் பார்த்தாள். ரொவீனாவுக்கு அந்தக் கதை எழுத்துக்கு எழுத்துத் தெரியும். இல்லை, இவன்தான், இவன் ஒருத்தன்தான் முடியாது என்றான் என்று அந்தக் கூடாரமே கேட்கச் சொல்ல நெஞ்சு துடித்தது. சொன்னால் மருந்து நின்றுவிடும்.

"ஆமா வெல்டா, நிறுத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு, டெல்மரின் தட்டில் இன்னும் கொஞ்சம் பீன்ஸ் வைத்தாள்.