கிருபா பக்கத்து சீட்டு

வேன் திண்டிவனத்தைத் தாண்டுவதற்குள்ளேயே ரேணுகாவுக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. எரியாதா பின்னே? மரக்காணம் உப்பளத்தில் அவளும் அமுதவல்லியும் ஜோடி. ஒருத்தி தலைக்கு இன்னொருத்தி கைகொடுத்துக் கூடையை ஏற்றிவிட்டால்தான் உப்பு கரையேறும். ஜோடி இல்லாதவளை மேஸ்திரி வேலைக்கே கூப்பிடமாட்டார். அப்படிப்பட்ட அமுதவல்லி, உப்பளம் மூடிக்கிடக்கிற மழைக்காலத்தில் ஊர்ப் பெண்களோடு ஒகேனக்கல் கிளம்பியவள், புதிதாக வேலைக்கு வந்த கிருபா பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாள். அது மட்டுமா? துண்டைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைக்கக் கற்றுக்கொடுக்கிறாளாம், அதுவும் ஓடுகிற வேனில்!

"தை பொறந்து உப்பளம் தொறந்தா என்னைக் கழட்டி விட்டுடுவா, பாரு," என்று ரேணுகா தனக்குள் முணுமுணுத்தாள்.

வழியில் சாத்தனூர் அணையில் முதலை பார்த்தார்கள். ரேணுகாவின் கண்ணுக்கு முதலை எங்கே தெரிந்தது? கிருபா தோளில் கிடந்த அமுதவல்லியின் கைதான் தெரிந்தது. ஒகேனக்கலில் பரிசல் ஏறினபோதும் அந்த இரண்டு பேருக்குள் ஒரே குசுகுசு. கரையில் வறுத்த மீன் வாங்கி, முள்ளை எடுத்துக் கிருபாவுக்கு ஊட்டாத குறை. நேற்று வந்தவளுக்கு வந்த வாழ்வைப் பாரேன்!

அருவிக்கு வந்ததும் எல்லாரும் கும்மாளமாய்த் தண்ணீரில் புகுந்தார்கள். அமுதவல்லி மட்டும் பாறையிலேயே நின்றாள்.

"ஏண்டி, எங்கூடக் குளிக்கக்கூட உனக்குக் கசக்குதா?" ரேணுகா அவள் கையைப் பிடித்து இழுத்து, கொட்டுகிற தண்ணீருக்குக் கீழே தள்ளினாள்.

"ஐயோ, கழுத்து!" என்று அலறிய அமுதவல்லி அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். கிருபா ஓடிவந்து அவளை வெளியே இழுத்தாள்.

"கழுத்தெலும்பு தேஞ்சிருக்குதாம்க்கா. இனிமே தலையில எதையும் வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள் கிருபா.

"உன்னை யாருடி சொல்லச் சொன்னது?" என்று அவளை அதட்டிவிட்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு ரேணுகா பக்கம் திரும்பினாள் அமுதவல்லி. "ஜோடி இல்லன்னா மேஸ்திரி உன்னைக் கூப்பிடுவாரா? அதான் இவளை உனக்குன்னு பழக்கிட்டு இருக்கேன். முன்னாடியே சொல்லியிருந்தா நீ இந்த டூருக்கே வந்திருக்க மாட்டே."

ரேணுகா அவள் பக்கத்தில் பாறையில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் என் வேலை, என் ஜோடி என்றே புகைந்துகொண்டு வந்திருக்கிறாள், பாவி.

"அப்போ நீ என்னடி பண்ணுவே?" என்று கேட்டாள்.

"அதை நான் இன்னும் யோசிக்கலடி," என்றாள் அமுதவல்லி.