பேர் சொல்லிக் கேட்ட ஜெபம்

நோட்டீஸில் பெயர் போடக் கூடாது என்று தேவநேசன் சொன்னதும் கொர்னேலியஸ் சிரித்துவிட்டார்.

"பேரில்லாத நோட்டீஸா? பொண்ணு மாப்பிள்ளை பேரு போடாத கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும்பா. எவன் டிக்கெட் வாங்குவான்?"

"நோயுற்ற சகோதரி ஒருவரின் உதவிக்காகன்னு மட்டும் போடுங்கண்ணே. போதும்."

"என்ன நோயின்னு கேட்டா?"

"கேட்டா நோயின்னு சொல்லுங்க."

கொர்னேலியஸ் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். சபையின் பாடகர் குழு அவர் கையில் இருந்தது. கல்யாணமோ சாவோ, எங்கே கூப்பிட்டாலும் கிளாரினெட் எடுத்துக்கொண்டு போவார். தேவநேசன் அதே குழுவில் வயலின். பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டு. மனைவி மெட்டில்டா சபைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், நாலு மாதமாக ஊருக்கு வெளியே சானடோரியத்தில் கிடந்தாள். நெஞ்சில் க்ஷயம். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டால் பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னார். அந்த ஊசியைத் தொடர்ந்து வாங்க ஆலைச் சம்பளம் காணாது. அதனால்தான் கச்சேரி.

பெயரை மறைத்ததற்குக் காரணம் நஞ்சம்மா. மண்டி மொஹல்லாவில் தேவநேசன் குடியிருந்தது அவளுடைய வீட்டின் பின்கட்டில். முன்கட்டில் அவள், கணவன், பிரசவத்துக்கு வந்த மகள், பிறந்து இரண்டு மாதமான குழந்தை. மெட்டில்டா கொள்ளேகாலத்தில் படுத்த படுக்கையாக இருக்கும் தன் தாயைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று தேவநேசன் சொல்லி வைத்திருந்தான். நஞ்சம்மா நம்பினாள். அவன் வேலைக்குப் போனதும் ஆறு வயது ஜேன் முன்கட்டுக்குப் போய்விடுவாள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். காலையில் அவன் வந்து படுத்துக்கொள்ள, நஞ்சம்மாவே அவளுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்புவாள். புட்டி என்றுதான் கூப்பிடுவாள். கன்னடத்தில் சின்னப் பெண் என்று அர்த்தம். "யாரைப் பார்த்து பாட்டில்னு கூப்பிடறாங்க?" என்று கொர்னேலியஸ் ஜேனைச் சீண்டுவார். அவள் அழமாட்டாள், திருப்பிக் கொடுப்பாள். "உங்க கிளாரினெட்டைத்தான் மாமா."

நஞ்சம்மா இல்லாவிட்டால் பிள்ளையை வைத்துக்கொள்ள அவனுக்கு வழியில்லை. இது அவனுக்குத் தெரியும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதை மறைப்பது தப்பு என்பதும் தெரியும். ஜேனை டாக்டரிடம் காட்டினான். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.

பாடகர் குழுவில் ஒவ்வொருவரிடமும் சொல்லி வைத்தார்கள். ஆரம்ப ஜெபம் செய்ய வேண்டிய உபதேசியார் பர்னபாஸிடம் கொர்னேலியஸே போய்ச் சொன்னார். "ஐயா, ஜனங்ககிட்ட பேரைச் சொல்லிராதீங்க." பர்னபாஸ் தலையாட்டினார். "நான் எதுக்கு ஜனங்ககிட்டப் பேசறேன்?"

கச்சேரி சபைப் பள்ளிக்கூடத்து ஹாலில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். தமிழ்க் கீர்த்தனைகளோடு கன்னடப் பாட்டும் உண்டு என்று கொர்னேலியஸ் நோட்டீஸில் போட்டிருந்தார். மண்டிக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நஞ்சம்மாவும் வந்தாள். அவள் வருவதை அவன் விரும்பவில்லை. ஆனால் ஜேன் பிள்ளைகள் குழுவில் பாடுகிறாள். "அத்தே, நீ வரலேன்னா நான் பாட மாட்டேன்" என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவன்தான் பார்த்தானே. என்ன சொல்லித் தடுப்பது? நஞ்சம்மா முன்னால் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள்.

பர்னபாஸ் மேடை ஏறினார். எல்லாரும் எழுந்தார்கள். கண்களை மூடினார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் மரியாதைக்குத் தலை குனிந்தார்கள்.

அவர் ஜெபம் எப்போதும் போலத்தான் போனது. மகாராஜாவுக்காக, புதுச் சர்க்காருக்காக, மழைக்காக. பிறகு குரல் தணிந்தது.

"பரம தகப்பனே, ஈளையினால் வாடுகிற உமது அடியாள் மெட்டில்டாவை நினைத்தருளும்."

தேவநேசன் கண்ணைத் திறந்தான். ஞாயிறுதோறும் ஆராதனையில் நோயாளிகளுக்காகப் பெயர் சொல்லித்தான் ஜெபிப்பார்கள். இத்தனை வருஷப் பழக்கம். அதை யாருமே யோசிக்கவில்லை. அவன் நஞ்சம்மாவைப் பார்த்தான். மெட்டில்டா என்ற பெயர் காதில் விழுந்ததும் அவள் முகம் மலர்ந்திருந்தது. தெரிந்த பெயர். ஈளை என்றால் க்ஷயம் என்று அவளுக்குப் புரியவில்லை. வேதப் புத்தகத்துத் தமிழ் அது, தமிழர்களிலேயே பாதிப் பேருக்குப் புரியாது.

ஜெபத்தின் நடுவில் யாரும் குறுக்கிட முடியாது. ஒரே ஒரு வார்த்தையால்தான் முடியும். தேவநேசன் அதைச் சொன்னான். சத்தமாக.

"ஆமென்!"

சபை முழுவதும் திருப்பிச் சொன்னது. "ஆமென்!" யாரோ ஒரு அம்மாள் "அல்லேலூயா" என்றும் சேர்த்தாள். பர்னபாஸ் நெகிழ்ந்து போனார். புருஷனே கதறுகிறான், ஆவியானவர் இறங்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கையை இன்னும் உயர்த்தினார். பாதிக் கூட்டம் கன்னடக்காரர்கள், அவர்களும் சேர்ந்து கேட்டால் நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கன்னடத்துக்கு மாறினார்.

"ஓ தந்தேயே, மண்டி மொஹல்லாத நம்ம தேவநேசன ஹெண்டதி மெட்டில்டம்மா க்ஷயரோகதிந்த சானடோரியத்தல்லி மலகித்தாளே. குணபடிசு தந்தேயே!"

தெரு, புருஷன், பெண்டாட்டி, நோய், படுத்திருக்கும் இடம். ஒன்றும் பாக்கியில்லை.

"ஆமென்" என்று கூட்டம் சொன்னது. இந்தத் தடவை தேவநேசன் சொல்லவில்லை.

நஞ்சம்மா உட்காரவில்லை. மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் நின்றாள். பின்னால் யாரோ "கூத்கொள்ளம்மா" என்றதும் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்த இருவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். நோயாளி குடியிருந்த வீட்டுக்காரி அல்லவா.

கச்சேரி நடந்தது. தேவநேசன் வாசித்தான். பிள்ளைகள் பாட வந்தபோது ஜேன் மூன்றாவது பெஞ்சைப் பார்த்துக்கொண்டே பாடினாள். வரிகளை மறக்கவில்லை. பாட்டு முடியும்வரை நஞ்சம்மா இருந்தாள். முடிந்ததும் எழுந்து, பெஞ்சு ஓரமாக, எதையும் தொடாமல் வெளியே போனாள்.

நன்கொடை குவிந்தது. பெயர் தெரிந்துவிட்டதால் குவிந்தது, அதுதான் உண்மை. மெட்டில்டா டீச்சரா என்று கேட்டுக் கேட்டுக் கொடுத்தார்கள். அவளிடம் படித்த பிள்ளைகளின் தகப்பன்மார் இரண்டாம் தடவை காணிக்கைத் தட்டு வந்தபோதும் போட்டார்கள்.

கொர்னேலியஸ் பர்னபாஸைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, பேரைச் சொல்லக் கூடாதுன்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

"ஜனங்ககிட்டத்தானே சொல்லக் கூடாதுன்னீங்க? நான் ஆண்டவர்கிட்டல்ல சொன்னேன். பேர் சொல்லாம எப்படித் தம்பி கேக்கிறது? யாரைன்னு குணமாக்குவார்?"

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. கொர்னேலியஸுக்கு அதற்குமேல் திட்ட வரவில்லை.

தேவநேசனும் ஜேனும் வீட்டுக்கு வந்தபோது பின்கட்டு வாசலில் ஜேனின் பாய், சின்னத் தலையணை, தட்டு, லோட்டா எல்லாம் வைக்கப்பட்டிருந்தன. லோட்டாவை நஞ்சம்மா புளி போட்டுத் தேய்த்திருந்தாள். முன்கட்டில் தரையைக் கழுவும் சத்தம் கேட்டது. ஜேன் ஓடினாள். கதவு தாழிட்டிருந்தது.

"அத்தே! நான் பாடினது நல்லா இருந்துச்சா?"

உள்ளே துடைப்பச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து நஞ்சம்மா ஜன்னலுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம், எட்டி நின்றாள்.

"ஏனப்பா தேவநேசா, உன் மாமியார் எப்படி இருக்காங்கன்னு தினம் கேட்டேனே. தினம் பதில் சொன்னியே."

"டாக்டர் ஜேனைப் பார்த்துட்டாரும்மா. அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டார்."

"முன்னாலேயே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன். இப்ப நீ எது சொன்னாலும் எனக்குப் பொய்யாத்தான் கேக்குது. என் தட்டுலேயே சாப்பிட்டா. அந்தக் கையாலேயே பாப்பாவைத் தூக்கினா. நான்தான் தூக்கச் சொன்னேன்."

வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. அதை அவள் கணவன் அடுத்த வாரம் சொன்னான்.

முதல் சில நாட்கள் தேவநேசன் வேலைக்குப் போகவில்லை. பகல் ஷிப்டு கேட்டான். ஆலையில் இடமில்லை என்றார்கள். கொர்னேலியஸ் வீட்டில் பிள்ளைகள் நிறைய, அவர் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு ஆயாவை வைத்துக்கொள்ளலாமா, கச்சேரிப் பணத்தில் கொஞ்சம் எடுக்கலாமா என்று கொர்னேலியஸிடம் கேட்டான்.

"ஊசிக்குன்னு கேட்டு வாங்கினதுப்பா. ஆயாவுக்குக் கொடுத்தா நாளைக்குச் சபையில எவனாவது எழுந்து நின்னு கேப்பான். எனக்குக் கொடுக்கணும்னுதான் இருக்கு."

"தெரியுதுண்ணே."

சாமராஜநகரில் மிஷன்காரர்கள் நடத்தும் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்று இருந்தது. பர்னபாஸே போய்ப் பேசி இடம் வாங்கினார். செய்த காரியம் அவருக்கு அப்போதுதான் புரிந்திருந்தது. பஸ்ஸில் போய்வரும் செலவைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

பார்வையாளர் நாளில் தேவநேசன் சானடோரியத்துக்குப் போனான். ஊசி ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மெட்டில்டா எழுந்து உட்கார்ந்திருந்தாள். சாயங்காலக் காய்ச்சல் நின்றுவிட்டது என்றாள். முகத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது.

"ஜேன் பாடினாளா?"

"பாடினா."

"பயந்தாளா?"

"உன் பொண்ணா பயப்படுவா?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாகவில்லை. அதைக் கவனித்து அவளே ஆச்சரியப்பட்டாள். "நஞ்சம்மா வந்தாங்களா? அவங்களுக்கு ஏதாவது செய்யணும்ங்க. நான் வந்ததும் ஒரு நல்ல சேலை எடுத்துத் தரணும்."

அவன் நடந்ததைச் சொல்லிவிட்டான். வேறு வழியில்லை, திங்கட்கிழமை ஜேனை விடுதியில் சேர்க்க வேண்டும். மெட்டில்டா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "ஊசியை நிறுத்தச் சொல்லுங்க" என்றாள்.

"நிறுத்தினா?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மணி அடித்தது. பார்வையாளர்கள் கிளம்பினார்கள்.

திங்கட்கிழமை காலை பஸ் நிலையத்தில் ஜேன் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். புதுக் கவுன். தலையைத் தேவநேசன் பின்னியிருந்தான், ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. சாமராஜநகர், சாமராஜநகர் என்று கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தான்.

நஞ்சம்மா வருவாள் என்று அவன் நினைக்கவில்லை. வேகமாக நடந்து வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. கையில் இலையில் கட்டிய பொட்டலம்.

ஜேன் பெட்டியிலிருந்து குதித்தாள். "அத்தே!"

"அல்லே நில்லு." நஞ்சம்மா கையை நீட்டித் தடுத்தாள். "அங்கேயே நில்லு, புட்டி."

ஜேன் நின்றாள்.

நஞ்சம்மா பொட்டலத்தைச் சிமெண்டு பெஞ்சின் மேல் வைத்தாள். நாலு அடி பின்னால் போனாள். "ஒப்பட்டு. போற வழியில சாப்பிடு. ஜன்னல்கிட்ட உக்காராதே, தூசி."

ஜேன் போய் எடுத்துக்கொண்டாள். உள்ளே போளி இன்னும் சூடாக இருந்தது. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் தகப்பனைப் பார்த்தாள். நஞ்சம்மா போகவில்லை. அவள் கண் ஜேனின் கோணல் பின்னலில் இருந்தது. கை ஒரு தடவை தன்னையறியாமல் உயர்ந்தது. அதைக் கீழே இறக்கி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"ஏறுங்க சார், ஏறுங்க, பஸ் எடுக்கறோம்" என்றான் கண்டக்டர். தேவநேசன் பெட்டியைத் தூக்கினான்.